பாமினிக் கோப்புகளை மாற்றும் வேலைக்கு எந்த நிரல் உதவியாளர்?

கொக்குவில்_மாடியறை:
வணக்கம். கொக்குவிலில் நால்வர் சேர்ந்து சிறிய மென்பொருள் வேலைகள் செய்கிறோம். பெரும்பாலும் லாரவெல் (வலைத்தளம் கட்டும் பி.எச்.பி. சட்டகம்), கொஞ்சம் பைதன். இப்போது கையில் இருப்பது ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் வேலை. பழைய கூட்டக் குறிப்புகளும் அங்கத்தவர் பதிவேடும் பாமினி எழுத்துருவில் (ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் கொடுக்கும் பழைய எழுத்துரு) வேர்ட் கோப்புகளாகக் கிடக்கின்றன. அவற்றை யூனிகோடுக்கு மாற்றித் தேடக்கூடிய தளமாக்க வேண்டும். செயற்கை நுண்ணறிவு உதவியாளர் ஒன்றுக்குச் சந்தா கட்ட நினைக்கிறோம். கிட்ஹப் கோபைலட் புரோ மாதம் 10 டொலர்; கேர்சர் புரோவும் கிளோட் புரோவும் 20. டொலரை 300 ரூபாய் என்று வைத்தாலும் 20 டொலர் திட்டம் நால்வருக்கு மாதம் 24,000 ரூபாய் ஆகிறது. எங்கள் மாடியறை வாடகை அதைவிடக் குறைவு! தரவரிசைகளைப் பார்த்தால் மாதத்துக்கு ஒன்று முதலிடத்தில் நிற்கிறது. இங்கே உண்மையில் வேலைக்குப் பாவிக்கிறவர்கள் யாராவது சொல்லுங்கள்.

திருநெல்வேலி_மூன்றாம்வருடம்:
அண்ணாவோ அக்காவோ தெரியவில்லை. மாணவர் என்று உறுதிப்படுத்தினால் கோபைலட்டுக்குக் காசு இல்லை, எங்கள் வகுப்பில் பலர் அப்படித்தான் பாவிக்கிறார்கள். மற்றவர்களுக்கு 2024 டிசம்பரில் ஓர் இலவசப் பிரிவு வந்தது: மாதம் 2000 நிரல் நிறைவுகள் (தட்டும்போது அது நீட்டித் தரும் வரிகள்), 50 உரையாடல்கள். நிறைவுகள் போதும். அந்த 50 உரையாடல் ஒரு பின்னேரத்துக்குத் தாங்காது.

சுன்னாகம்_மூத்தவன்:
பிள்ளை, தரவரிசைகளை மூடிவையுங்கள். இந்த உதவியாளர்களை அளக்க எல்லோரும் தூக்கிக் காட்டும் பரீட்சையான எஸ்.டபிள்யூ.ஈ. பெஞ்ச், 12 பைதன் திறந்தமூலத் திட்டங்களில் இருந்து எடுத்த 2,294 சிக்கல்கள். லாரவெல் அதில் இல்லை, பாமினியை அது கண்டதும் இல்லை. பாமினியை யூனிகோடாக்கும் உங்கள் மாற்றி நிரலே நல்ல பரீட்சை.

பாமினியில் எழுத்துகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் கிடக்கும். 'கொ' என்றால் முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். யூனிகோடில் க முன்னே, உயிர்க்குறி பின்னே. இந்த வரிசை மாற்றத்தை எந்த உதவியாளரும் செய்துவிடும். வில்லங்கம் ஔகாரத்தில் இருக்கிறது. 'கௌ'வின் கடைசித் துண்டுக்கும் 'ள'வுக்கும் பாமினியில் ஒரே விசைதான். ஆகவே 'நீளமான எழுத்துக் கோவையை முதலில் மாற்று' என்று எழுதிய மாற்றி, 'வெளிநாடு' என்பதை 'வௌிநாடு' ஆக்கிவிடும். நம் நாட்டு இணையத்தளங்களில் 'வௌியீடு', 'வௌ்ளம்' என்று கண்டு கண்டு பழகிவிட்டோமே, அது இப்படிப் பிறக்கும் வழுதான். ளவுக்குப் பின்னால் உயிர்க்குறியோ புள்ளியோ வந்தால் அது ள. 'கௌரவம்', 'மௌனம்' போல எதுவும் வராமல் நிற்பதற்கு ஒரு சொற்பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள்.

இதே வேலையை இரண்டு விதக் கருவிகளிடம் கொடுத்துப் பார்த்தேன். தட்டத் தட்ட அடுத்த வரியை நீட்டித் தரும் வகை, மாற்று அட்டவணையை மளமளவென்று நிரப்பியது, பிழையான வரியையும் சேர்த்து. டெர்மினலில் (கட்டளை தட்டும் திரை) இருந்து தானே சோதனைகளை ஓட்டும் வகைக்கு ஒரு பக்கம் சொற்களைச் சரியான விடையோடு கொடுத்தேன். பிழைத்ததைக் கண்டு தானே திருத்தியது. ஆனால் ஒரு தடவை, மாற்றியைத் தொடாமல் என் விடைத்தாளைத் திருத்தி வைத்துவிட்டு 'எல்லாச் சோதனையும் சித்தி' என்று அறிவித்தது. பெயர் வேண்டாம், அந்த வகைக் கருவி எதுவும் இதைச் செய்யக்கூடியது.

அதனால் நான் பார்ப்பது ஒன்றே: அது செய்ததை வரிவரியாக வாசித்து, வேண்டாததைத் தள்ள எவ்வளவு வசதி இருக்கிறது? கேர்சர், பலரும் நிரல் எழுதும் வி.எஸ். கோட் செயலியில் இருந்து கிளைத்தது. கை பழகிய இடத்திலேயே ஏற்கலாம், தள்ளலாம். கிளோட் கோட் டெர்மினல் பழகியவர்களுக்கு ஏற்றது. எய்டர் திறந்தமூலம்; ஒவ்வொரு மாற்றத்தையும் கிட்டில் (நிரலின் மாற்ற வரலாற்றை வைத்திருக்கும் கருவி) தனிக் கமிட்டாகப் பதிகிறது, பிடிக்காததை அப்படியே பின்வாங்கலாம்.

வேகம், வேகம் என்று உங்கள் அறையில் யாராவது சொன்னால் இதைக் காட்டுங்கள். எம்.ஈ.டி.ஆர். என்ற ஆய்வு நிறுவனம் 2025 இல் அனுபவமுள்ள 16 நிரலாளர்களிடம் அவர்களின் சொந்தத் திட்டங்களிலேயே 246 வேலைகளைக் கொடுத்து அளந்தது. உதவியாளரோடு வேலை செய்தபோது 19 சதவீதம் கூடுதல் நேரம் பிடித்தது. அவர்களோ வேலை முடிந்த பிறகும் 20 சதவீத நேரத்தை மிச்சம் பிடித்ததாக நம்பினார்கள். அப்போதைய கருவிகளைப் பற்றிய முடிவுதான் அது, இருந்தாலும் மணிக்கூட்டைப் பார்த்துக் குறித்து வையுங்கள்.

நால்வருக்கும் வாங்காதீர்கள். இருவர் வெவ்வேறு கருவிக்கு ஒரு மாதம் கட்டிப் பாருங்கள். ஆண்டுச் சந்தா வேண்டவே வேண்டாம். இந்தத் துறையில் விலையிடும் முறையே நடுவழியில் மாறும், கேர்சர் 2025 ஜூனில் மாற்றியது. இன்னொன்று, தமிழ் உரை ஆங்கிலத்தை விடக் கூடுதல் டோக்கன்களாக (கருவி உரையை வெட்டி எண்ணும் துண்டுகள்) உடைகிறது. கூட்டக் குறிப்பை முழுதாக ஒட்டினால் பாவனை எல்லை விரைவில் தீரும்.

நெல்லியடி_லினக்ஸ்:
அண்ணை சந்தாக் கணக்கைப் பார்த்தார், பதிவேட்டை மறந்துவிட்டார். அங்கத்தவரின் அடையாள அட்டை இலக்கம், முகவரி எல்லாம் வெளிநாட்டுச் சேவையகத்துக்குப் போகலாமா? இலங்கையில் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. மொழி மாதிரிகளைச் சொந்தக் கணினியிலேயே ஓட்டும் ஒல்லாமாவை நிறுவி, நிரல் எழுதும் மாதிரியான குவென் 2.5 கோடரின் 7 பில்லியன் அளவை இறக்குங்கள். 16 ஜி.பி. நினைவகம் உள்ள மடிக்கணினி போதும். இணையம் போனாலும் வேலை நடக்கும்.

சுன்னாகம்_மூத்தவன்:
தம்பி சொல்வது நியாயம், மருந்துதான் கடுமை. கிராபிக்ஸ் அட்டை இல்லாத மடிக்கணினியில் அது ஒரு பதில் சொல்வதற்குள் தேத்தண்ணி ஆறிவிடும். மாற்றியை எழுத உண்மையான பதிவேடு தேவையே இல்லை. பொய்ப் பெயர்களைப் பாமினியில் தட்டிச் சோதனைக் கோப்பு செய்யுங்கள். எழுதி முடிந்த மாற்றி உங்கள் கணினியிலேயே ஓடும், அதற்கு உதவியாளர் வேண்டியதில்லை. பதிவேட்டை மட்டும் திட்ட அடைவுக்குள் (நிரல் கிடக்கும் கோப்புறை) வைக்காதீர்கள். இந்தக் கருவிகள் அடைவுக்குள் கிடக்கும் எந்தக் கோப்பையும் திறந்து வாசிக்கும்.

கொக்குவில்_மாடியறை:
அக்காதான், தம்பி! எல்லோருக்கும் நன்றி. பதிவேடு திட்ட அடைவுக்குள்தான் கிடந்தது, இப்போதே வெளியே எடுத்துவிட்டோம். கேர்சர் ஒன்று, கிளோட் ஒன்று, ஒரு மாதத்துக்கு. இலவசக் கோபைலட் மற்ற இருவருக்கும். மூத்தவன் அண்ணை, இன்னொரு சந்தேகம்: குறிப்புகளின் நடுவே ஆங்கிலச் சொற்களும் வருகின்றன. மாற்றி அவற்றையும் தமிழாக்கிக் குதறிவிடுகிறது.

சுன்னாகம்_மூத்தவன்:
உரையைப் பார்த்து ஊகிக்க விடாதீர்கள், எழுத்துருவின் பெயரைப் பார்க்கச் சொல்லுங்கள். வேர்ட் கோப்பை வாசிக்கும் பைதன் டொக்ஸ் நூலகத்தில் ஒவ்வொரு ரன்னுக்கும் (ஒரே வடிவமைப்புள்ள உரைத்துண்டு) எழுத்துருப் பெயர் கிடைக்கும். பாமினி என்று இருந்தால் மட்டும் மாற்று. பெயர் வெறுமையாக வந்தால் அது பத்தியின் பாணியில் இருந்து இறங்கி வந்திருக்கும், அங்கே போய்ப் பார்க்க வேண்டும்.