சீலியாக் வீட்டில் பீட்சா: இத்தாலிய மாவா, வீட்டுக் கலவையா?

கோவை மாலா:
மகனுக்குச் சீலியாக் (கோதுமையில் உள்ள குளூட்டன் குடலுக்கு ஆகாத நோய்) என்று உறுதியானதும் மைதா, ரவை, சேமியா எல்லாம் வீட்டை விட்டுப் போயாச்சு. இட்லி, தோசைக்குக் குறையில்லை, ஆனால் அவன் கேட்பது பீட்சா. இத்தாலியக் கம்பெனி கபுட்டோவின் ஃபியோர்குளுட் என்கிற குளூட்டன் இல்லாத மாவை வரவழைக்கலாமா, நானே கலந்துகொள்ளலாமா?

அடுப்படி ராஜன்:
யோசிக்காமல் ஃபியோர்குளுட் வாங்குங்க. குளூட்டன் நீக்கிய கோதுமை ஸ்டார்ச், பக்வீட் (பெயரில்தான் வீட், கோதுமை இல்லை), அரிசி ஸ்டார்ச், சோள ஸ்டார்ச், இசப்கோல் நார் எல்லாம் அளவாகக் கலந்தே வருகிறது. ஓரம் உப்பும், நடு மெத்தென்று இருக்கும். வெறும் அரிசி மாவில் பண்ணினால் ஆறியதும் பல்லுக்குத்தான் சோதனை.

சேலத்து மருமகள்:
கோதுமையே ஆகாத பிள்ளைக்குக் கோதுமை ஸ்டார்ச்சா? நல்லா இருக்கு உங்க யோசனை!

அடுப்படி ராஜன்:
சீலியாக்காரர்களுக்கு ஆகாதது குளூட்டன் என்கிற புரதம், ஸ்டார்ச் இல்லை. கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது என்பதுதான் கோடெக்ஸ் என்கிற சர்வதேச உணவுத் தர விதியின் அளவு, நம்ம நாட்டிலும் அதே அளவுதான். அதற்குள் இருந்தால்தான் 'குளூட்டன் ஃப்ரீ' என்று போட முடியும்.

வெண்பொங்கல்:
நடுவில் ஒரு வார்த்தை. ராஜன் சொல்வது சீலியாக்குக்குச் சரி. கோதுமை அலர்ஜி வேறு. அவர்களுக்கு இந்த ஸ்டார்ச்சும் ஆகாது. மாலா, உங்கள் பையனுக்கு எது என்று டாக்டர் சீட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கோவை மாலா:
சீலியாக் மட்டும்தான். பயாப்ஸி வரை பார்த்தாச்சு.

சேலத்து மருமகள்:
சரி, சாப்பிடலாம் என்றே வைத்துக்கொள்வோம். கடல் கடந்து வரும் மாவை வாராவாரம் வாங்கிக் கட்டுப்படியாகுமா? என் கணக்கு இது: அரிசி மாவு 180 கிராம், மரவள்ளி ஸ்டார்ச் 120 கிராம், பொடித்த இசப்கோல் 15 கிராம். அப்புறம் ஈஸ்ட், சர்க்கரை, உப்பு, ஒரு கரண்டி எண்ணெய். இசப்கோல் பழவாசனை போட்ட பாக்கெட் வேண்டாம், வெறும் உமி போதும். வெதுவெதுப்பான தண்ணீர் 280 மில்லிக்குக் குறையக் கூடாது. பிசைய வேண்டிய வேலையே இல்லை, வளர்க்கக் குளூட்டன் ஏது? எண்ணெய் தொட்டுத் தட்டில் பரப்பி, ஒரே தடவை பொங்க விட்டு, 250 டிகிரியில் வெறும் அடியை முதலில் வேக வையுங்கள். சாஸும் சீஸும் அப்புறம். முதலிலேயே கொட்டினால் நடு பச்சையாக நிற்கும்.

அடுப்படி ராஜன்:
280 மில்லியா! அது மாவு இல்லை, பஜ்ஜிக் கரைசல்.

சேலத்து மருமகள்:
பத்து நிமிடம் விட்டுப் பாருங்க, இசப்கோல் அத்தனையையும் குடித்துவிடும். ஆறினால் பல் உடைகிறது என்றீர்களே, தண்ணீரைக் குறைத்தவர்களுக்குத்தான் அப்படி. வேகும்போது ஸ்டார்ச் ஊறத் தண்ணீர் இல்லையென்றால் கட்டையாகத்தான் வரும்.

அடுப்படி ராஜன்:
தண்ணீர் ஊற்றினாலும் அரிசி ஸ்டார்ச் ஆறினால் இறுகத்தான் செய்யும். பழைய சாதத்தைத் தொட்டுப் பார்த்ததில்லையா? டப்பாவில் பள்ளிக்குக் கொடுத்தனுப்ப உங்கள் கலவை சரிப்படாது.

சேலத்து மருமகள்:
பீட்சாவைச் சூடாகத் தின்னணும். டப்பாவுக்கு எலுமிச்சை சாதம் இருக்கு.

வெண்பொங்கல்:
இரண்டு பேருமே அரிசி மாவு எங்கே அரைக்கிறது என்று பேசவில்லை. தெரு மில்லில் முந்தின ஆள் கோதுமை அரைத்திருந்தால் கல்லில் ஒட்டியிருப்பது நம்ம பையில்தான் விழும். ராஜன் சொன்ன 20 மில்லிகிராம் அங்கேயே தாண்டிவிடும்.

சேலத்து மருமகள்:
அதனால்தான் நான் மில்லுக்கே போவதில்லை. பச்சரிசியை ஊற வைத்து, நிழலில் உலர்த்தி, ஈரம் லேசாக இருக்கும்போதே மிக்ஸியில் அரைத்துச் சலிக்கிறேன். இடியாப்ப மாவு பதம். நறநறப்பு இருக்காது. ஈர மாவு என்பதால் தண்ணீரைக் கொஞ்சம் பார்த்து ஊற்றணும்.

அடுப்படி ராஜன்:
வேலைக்குப் போகிற அம்மாவிடம் போய் அரிசி உலர்த்தச் சொல்கிறீர்கள்.

கோவை மாலா:
ராஜன் அண்ணா, அரிசி உலர்த்துவது அவன் அப்பாவின் வேலை. ஒரு சந்தேகம்: மேலே தூவப் பனீரில் சாட் மசாலா போடலாமா?

வெண்பொங்கல்:
பாக்கெட்டைப் படித்துவிட்டுப் போடுங்கள். அதில் பெருங்காயம் சேர்ப்பார்கள், கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு இருக்கும். சந்தேகமாக இருந்தால் சீரகம் வறுத்துப் பொடித்து, மாங்காய்த் தூள் கலந்துகொள்ளுங்கள்.