தார் ஒதுங்கிய கரையும் கேட்டதற்கு மேல் வந்த ஆட்களும்

திருகோணமலை உப்புவெளியிலிருந்து, கரையைத் துப்புரவு செய்ய ஆட்களைத் திரட்டிய ஒருவர்:

வாடைக்காற்று தொடங்கியிருந்த ஒரு விடியற்காலையில் கரைவலைச் சம்மாட்டியார் (வலையின் உரிமையாளர்) தொலைபேசியில் அழைத்து, "தம்பி, கரை முழுக்கத் தார் ஒதுங்கிக் கிடக்குது, வலை வளைக்க ஏலாது" என்றார். நிலாவெளிப் பக்கமாக ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீற்றர் தூரத்துக்கு, புளியங்கொட்டை அளவிலிருந்து உள்ளங்கை அளவு வரையான, கடலில் கலந்த எண்ணெய் இறுகி உண்டான தார் உருண்டைகள் அலை தொட்டுத் திரும்பும் வரியிலேயே கிடந்தன. 2020 செப்டெம்பரில் ஏறத்தாழ 270,000 தொன் மசகெண்ணெயுடன் வந்த ‘நியூ டயமண்ட்’ கப்பல் அம்பாறைக் கடலுக்கு அப்பால் தீப்பற்றி எரிந்த நாட்களில் நாங்கள் பயந்த பயத்தோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமேயில்லை.

தொண்டர்களாக 40 பேர் வேண்டுமென்று கேட்டிருந்தேன். ஏழு மணிக்குள் 150 பேர் வந்துவிட்டார்கள். உயர்தர வகுப்பு மாணவர்கள், கோயில் இளைஞர்கள், பள்ளிவாசல் இளைஞர்கள், விடுதி ஊழியர்கள் என்று எல்லோரும் கலந்திருந்த அந்தக் கூட்டத்தைப் பார்த்து நெகிழ்ந்துபோய், கையிலிருந்த சவள்களையும் மண்வெட்டிகளையும் யோசிக்காமல் பகிர்ந்து கொடுத்தேன். என்னுடைய பெரிய தவறு அதுதான். ஒன்பது மணியளவில் உரப்பைகள் மலைபோலக் குவிந்திருந்தன. சந்தேகத்தில் ஒரு பையைச் சாய்த்துக் கொட்டிப் பார்த்தேன். ஒரு கைப்பிடித் தார், மிகுதி முழுவதும் சுத்தமான வெள்ளை மணல். தாரோடு சேர்ந்த மணலும் கழிவாகவே கணக்கிடப்படும் என்பதால், நாங்கள் கழிவைக் குறைக்கவில்லை, பெருக்கிக்கொண்டிருந்தோம். அதைவிட மோசம், 150 பேரின் கால்கள் மிச்சத் தாரை மணலுக்குள் மிதித்து ஆழப் புதைத்திருந்தன.

2021 இல் ‘எக்ஸ்பிரஸ் பேர்ள்’ கப்பலிலிருந்து சிந்திய பிளாஸ்டிக் மணிகளை மேற்குக் கரையில் சல்லடையிட்டு அரித்தெடுத்ததைத் தொலைக்காட்சியில் பார்த்திருந்தும் எனக்கு அது நினைவுக்கு வரவில்லை. மணல் அரிக்கும் அரிதட்டுகளை வீட்டிலிருந்து எடுத்து வந்தவர்கள் கரைவலைக்காரரின் மனைவிமார்தான். அதன்பின் சவள்களைத் திரும்ப வாங்கி, ஒரு வரிக்கு 10 பேர் என்று பிரித்து, கையுறை அணிந்தவர்கள் மட்டுமே உருண்டைகளைப் பொறுக்க வேண்டும், நடப்பதற்குக் கயிறு கட்டிய ஒரே பாதையைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று ஒழுங்கு செய்தோம். மற்றவர்களைத் திருப்பி அனுப்புவதுதான் கடினமாக இருந்தது. ஆர்வத்தோடு வந்தவனிடம் "நீ நாளைக்கு வா" என்று சொன்னால் முகம் வாடிவிடுகிறது. அவர்களில் சிலரை, தார் இன்னும் எட்டாத வடக்குக் கரையில் கிடந்த குப்பையையும் கடற்சாதாழை என்னும் கடற்புல்லையும் முன்கூட்டியே அள்ள அனுப்பினேன். பின்னர் அங்கும் தார் ஒதுங்கியபோது, குப்பையில் ஒட்டாமல் மணலில் தனியாகக் கிடந்ததால் பொறுக்குவது இலகுவாயிற்று.

வெயில் ஏறினால் உருண்டை இளகி விரலில் இழுபடும். ஆகவே பத்து மணிக்கு மேல் வேலையை நிறுத்தினோம். கையில் ஒட்டியதைக் கழற்ற ஒரு மாணவன் மண்ணெண்ணெய்ப் போத்தலோடு வந்தான். அதைப் பறித்து வைத்துவிட்டு, தேங்காயெண்ணெயில் நனைத்த துணியால் துடைத்துச் சவர்க்காரம் போட்டுக் கழுவச் சொன்னேன்.

கிண்ணியாவிலிருந்து இன்னொருவர்:

எங்கள் பக்கத்தில் ஆட்கள் சிக்கலாக இருக்கவில்லை, பைகள்தான் சிக்கலாக இருந்தன. பொறுக்கிய தாரை ஏற்றிச் செல்ல வாகனம் அனுப்புவதாகச் சொன்ன அலுவலகம் நான்கு நாட்களாக அனுப்பவில்லை. இழை பின்னிய உரப்பைகளில் கட்டியதால் வெயிலில் இளகிய தார் கீழே கசிந்து, நாங்கள் துப்புரவு செய்த மணலிலேயே மறுபடி ஊறியது. மூன்றாம் நாள் தடித்த பொலித்தீனை இரண்டு மடிப்பாக விரித்து, பைகளை அதன்மேல் நிழலுக்கு மாற்றும்படி கேட்டபோது, முதல் நாள் வந்த 60 பேரில் ஏழு பேர்தான் வந்தார்கள். அவர்களையும் அழைக்க முடிந்தது, முதல் நாளே பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் ஒரு அப்பியாசக் கொப்பியில் எழுதி வைத்திருந்ததால்தான்.