பைபிளின் முதல் புத்தகமான ஆதியாகமத்தில் உங்களை இன்னும் விடாத இடம் எது? (அனுபவப் பகிர்வு)

தாமிரபரணிக்கரை:
எனக்கு 22-ஆம் அதிகாரம். மகன் ஈசாக்கைப் பலியிடச் சொல்லித் தேவன் ஆபிரகாமைச் சோதிக்கிறார், அவரும் மகனைக் கூட்டிக்கொண்டு போகிறார், கடைசி நேரத்தில் தேவன் தடுத்துவிடுகிறார். என் மகனுக்கு இதய ஆபரேஷன். தியேட்டர் வாசலில் சபைக்காரர் ஒருவர் என் கையைப் பிடித்து, "ஆபிரகாம் மாதிரி ஒப்புக்கொடுத்திடுங்க பிரதர்" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். பையன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான், ஆனாலும் அந்த வார்த்தை உள்ளே அறுக்கிறது. அன்று ராத்திரியே அந்த அதிகாரத்தை மறுபடி எடுத்தேன். விறகைப் பிள்ளைமேல் வைத்தவர், நெருப்பையும் கத்தியையும் தன் கையில் வைத்துக்கொள்கிறார். சுடுவதும் வெட்டுவதும் பிள்ளைமேல் பட்டுவிடக் கூடாதாம், எதற்காகப் போகிறோம் என்று தெரிந்தும்! அந்த வரியை என்னால் தாண்ட முடியவில்லை. மூன்றாம் நாள்தான் இடம் கண்ணில் படுகிறது. அதுவரை மனுஷன் என்ன பாடு பட்டாரோ, ஒரு சொல் இல்லை.

பாலைக்காற்று:
எனக்கு யோசேப்பு, அண்ணன்மாரால் விற்கப்பட்டு எகிப்தில் சிறைக்குப் போனவர். வளைகுடாவில் வேலை. கம்பெனி பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டது, சம்பளமும் நின்றது. பக்கத்துக் கட்டில்காரருக்கு எப்படியோ ஊருக்குப் போக வழி கிடைத்தது. "போனதும் கலெக்டர் ஆபீஸ்ல உனக்காக மனு கொடுக்கிறேன் தம்பி" என்று என் விவரமெல்லாம் எழுதி வாங்கி, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அப்புறம் போனே எடுக்கவில்லை. சிறையில் கூட இருந்த ராஜாவின் பானபாத்திரக்காரர் தலைவன், விடுதலையானதும் தனக்காக ராஜாவிடம் பேசச் சொன்ன யோசேப்பை மறந்ததோடு 40-ஆம் அதிகாரம் முடிகிறது. அடுத்த அதிகாரம் இரண்டு வருஷம் கழித்துத்தான் தொடங்குகிறது. பிரசங்கத்தில் குழியிலிருந்து அரண்மனைக்குப் பத்து நிமிடத்தில் போய்விடுகிறார்கள். 17 வயதில் விற்கப்பட்டவருக்குப் எகிப்து ராஜா பார்வோன் முன்னால் நிற்கும்போது வயது 30.

ஞாயிறுபள்ளி டீச்சர்:
தாமிரபரணிக்கரை அண்ணா, கோபித்துக்கொள்ளாதீர்கள். ஆபிரகாம் பேசாமல் போனதைப் பெரிதாக எடுக்காதீர்கள். அழிக்கப்பட இருந்த சோதோம் பட்டணத்துக்காக 50 நீதிமான்களில் தொடங்கி 10 வரைக்கும் தேவனிடம் பேரம் பேசியவரும் அவர்தான். கேட்டால் விசுவாசம் குறைந்துவிடாது. என் அனுபவம் சின்னது: வகுப்பில் ஒரு சிறுமி, "அவர் மனைவி சாராள்கிட்ட சொல்லிட்டுப் போனாரா டீச்சர்?" என்றாள். வேதத்தில் அப்படி இல்லை. அடுத்த அதிகாரமே சாராளின் சாவுதான், அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆஸ்பத்திரிக்கு ஜெபிக்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 22-ஐ எடுக்காதீர்கள், 21-ஐ வாசியுங்கள். பெயெர்செபா வனாந்தரத்தில் துருத்தியில், அதாவது தோல் பையில், தண்ணீர் தீர்ந்துவிடுகிறது. ஆபிரகாம் வீட்டிலிருந்து அனுப்பப்பட்ட அடிமைப்பெண் ஆகார், அவருக்குப் பெற்ற பிள்ளையைச் செடியின் கீழே விட்டு, சாவதைப் பார்க்க மாட்டேன் என்று அம்பு பாயும் தூரத்தில் உட்கார்ந்து அழுகிறாள். ஒப்புக்கொடு என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. துரவை (கிணற்றை) காட்டி, பிள்ளையைத் தூக்கு என்றுதான் சொல்லப்படுகிறது. ஜெபத்தைச் சுருக்கமாக முடியுங்கள். பிளாஸ்க்கில் காபி கொண்டுபோங்கள். பிள்ளையைப் பெற்றவர்கள் காலையிலிருந்து சாப்பிட்டிருக்க மாட்டார்கள். பாலைக்காற்று தம்பி, நீங்களும் அந்த மனுஷரை மன்னித்துவிடுங்கள், யோசேப்பு தன்னை விற்ற அண்ணன்மாரை மன்னித்ததுபோல.

பாலைக்காற்று:
டீச்சர், அதை நான் கேட்கவே இல்லையே. யோசேப்பும் அண்ணன்மாரைப் பார்த்ததும் மன்னித்துவிடவில்லை. மூன்று நாள் காவலில் வைத்தார், அவர்களில் சிமியோனைக் கட்டிப்போட்டார், தனியே போய் அழுதார். பிறகுதான் மற்றதெல்லாம்.

காயல்கரை:
ஆபிரகாம் மகனைப் பலியிடப் போன கதையை நாங்கள் ஓதுவது வேறு மாதிரி. அவரை நாங்கள் இப்ராஹீம் நபி என்போம். குர்ஆனில் 37-ஆம் அத்தியாயம். மகன் பெயர் அங்கே இல்லை, இஸ்மாயீல் நபி என்பதே எங்களில் பெரும்பாலோர் கருத்து. இப்ராஹீம் நபி, மகனைப் பலியிடுவதாகக் கண்ட கனவை மகனிடமே சொல்லி, உன் கருத்து என்ன என்று கேட்கிறார். பக்ரீத் பயானில் (பிரசங்கத்தில்) எத்தனையோ தடவை கேட்டதுதான், காதோடு போய்விடும். வாப்பாவுக்கு டயாலிசிஸைத் தொடர்வதா நிறுத்துவதா என்று டாக்டர் கேட்டபோது, நாங்கள் பிள்ளைகள் எல்லாரும் வராந்தாவில் நின்று சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். உம்மா பேசாமல் உள்ளே போய், வாப்பா தலைமாட்டில் உட்கார்ந்து, அவரிடமே கேட்டுவிட்டார். தொடரலாம் என்று வாப்பா தலையசைத்தார். படுத்துக் கிடக்கிறவரிடம் போய் இதைக் கேட்பார்களா என்று காக்காவுக்கு (அண்ணனுக்கு) இன்றுவரை கோபம். நான் உம்மா பக்கம்தான்.