மறுமொழி: 'சர்வன்ட் லீடர்ஷிப்' தமிழில் எப்படி?

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

பிறருக்குத் தொண்டு செய்வதையே அடிப்படையாகக் கொண்ட தலைமையை ஆங்கிலத்தில் 'சர்வன்ட் லீடர்ஷிப்' என்கிறார்கள்; அதற்குத் தமிழ்ச் சொல் என்ன என்பது குழுமத்தில் எழுந்த கேள்வி. 'சேவைத் தலைமை' என்றே முடித்துவிடலாம் என்று பலர் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு உடன்பாடில்லை. அதைக் கேட்டால் வங்கியோ தொலைபேசி நிறுவனமோதான் நினைவுக்கு வருகிறது. 'தொண்டர் தலைமை' என்றால் தமிழ்நாட்டு வாசகர் கட்சித் தொண்டர்களுக்குத் தலைமை என்று படிப்பார். 'ஊழியத் தலைமை' தேவாலயத்துக்குப் போய்விடும்.

1970-இல் இந்தக் கருத்தை எழுதிய அமெரிக்க நிர்வாகச் சிந்தனையாளர் ராபர்ட் கிரீன்லீஃப் வரிசையை வலியுறுத்தினார்: முதலில் தொண்டு செய்யும் விருப்பம், தலைமை அதற்குப் பிறகு. அவர் வைத்த சோதனையும் கடுமையானது. தலைவரிடம் இருந்தவர்கள் வளர்ந்தார்களா, சொந்தக் காலில் நிற்கிறார்களா, அவர்களும் தொண்டுக்கு முன்வருகிறார்களா? பள்ளி என்றால் இதை ஆசிரியர்தான் சொல்ல முடியும்.

இங்கே மொரிஷியஸ் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் மொழிப் பாடவேளை வந்ததும் வகுப்பு பிரியும். இந்தி, உருது, தெலுங்கு, மராத்தி, தமிழ் என்று ஆளுக்கொரு பக்கம். தமிழ்ப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர்தான், அறை கிடைக்காது. நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் தாழ்வாரத்தில்தான் வகுப்பு. சாரல் அடித்தால் நோட்டெல்லாம் நனையும். புதிதாக வந்த தலைமையாசிரியர் அதைப் பார்த்துவிட்டு, "டீச்சர், உங்களுக்கு எந்த இடம் தோதுப்படும்?" என்று கேட்டார். மறுநாள் தன் அறையில் பாதியை ஒழித்துக் கொடுத்தார்; பெஞ்சின் ஒரு முனையை அவரே பிடித்தார். அடுத்த பருவத்துக்குப் பாடவேளை அட்டவணையை மொழியாசிரியர்கள் நாங்களே உட்கார்ந்து போட்டோம். எனக்குப் பெரிதாகப் பட்டது இந்தக் கடைசி விஷயம்தான்.

எல்லாவற்றையும் தானே இழுத்துப் போட்டுச் செய்பவர்களும் உண்டு. நல்லவர்கள்தான். ஆனால் அவர்கள் மாற்றலாகிப் போன மறுவாரமே பள்ளி தடுமாறும். கிரீன்லீஃபின் சோதனையில் அது தேறாது.

ஆகவே என் பரிந்துரை 'தொண்டுவழித் தலைமை'. தொண்டு முன்னால் வருகிறது, தலைமை அதன் வழியே பிறக்கிறது. தொண்டுவழித் தலைவர், தொண்டுவழி நிர்வாகம் என்று நீட்டவும் வளைகிறது. தொண்டு என்றால் தாழ்வாகத் தொனிக்குமே என்று ஒரு நண்பர் தயங்கினார். உழவாரம் ஏந்திக் கோயில் முற்றத்தில் புல் செதுக்கிய அப்பரைக் கும்பிடும் நமக்கு அந்தத் தயக்கம் தேவையில்லை.

அப்புறம், இதே துறையில் 'ஸ்டூவர்ட்ஷிப்' என்றொரு சொல் வருகிறது; நம்மிடம் ஒப்படைக்கப்பட்டதைப் பிறருக்காகப் பொறுப்பாகப் பார்த்துக்கொள்வது என்று பொருள். 'பொறுப்புடைமை' வேறு பொருளுக்குப் போய்விட்டது. 'பேணுகை' சரிப்படுமா? மற்றவர்கள் சொல்லுங்கள்.