பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் சம்மதம் பற்றி வகுப்பெடுக்கலாமா?

ரவி, மார்க்கம்

மகள் இந்த வருடம் ஒன்பதாம் வகுப்பு. அவளுடைய பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு குழு அமைத்து, மதிய இடைவேளையில் கீழ் வகுப்புகளுக்குச் 'சம்மதமும் ஆரோக்கியமான உறவும்' என்று, காதலிலும் பாலுறவிலும் மற்றவரின் இணக்கம் பற்றி ஒரு நிகழ்ச்சி நடத்துகிறார்கள். ஓர் ஆசிரியர் அறையில் இருப்பாராம், பேசுவது முழுக்க மாணவர்கள். விருப்பமான பிள்ளைகள் போகலாம் என்று கடிதம் வந்திருக்கிறது.

இதைப் படிக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பாடத்திட்டத்தில் இருக்கிறது, பயிற்சி பெற்ற ஆசிரியர் படிப்பிக்கட்டும். 17 வயதுப் பிள்ளை 14 வயதுப் பிள்ளைக்கு உறவு பற்றிப் புத்தி சொல்வதில்தான் எனக்கு உடன்பாடில்லை. மற்றப் பெற்றோர் என்ன நினைக்கிறீர்கள்?

சுகந்தி

ரவி அண்ணா, பாடத்திட்டத்தில் இருக்கிறது என்கிறீர்களே, அதை அங்கே கொண்டுவர உழைத்தவர்களில் பள்ளிப் பிள்ளைகளும் இருந்தார்கள். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் 2015 வரை 1998-ஆம் ஆண்டுப் பாலியல் கல்விப் பாடத்திட்டம்தான். பிள்ளைகள் கையில் கைபேசியும் இன்ஸ்டகிராமும் இல்லாத காலத்தில் எழுதியது. ரொறன்ரோவில் எட்டாம் வகுப்பு மாணவியர் இருவர் சம்மதம் பற்றிப் படிப்பிக்க வேண்டும் என்று இணையத்தில் மனு தொடங்கினார்கள். பல்லாயிரம் பேர் கையெழுத்திட்டார்கள். அப்போதைய மாகாண முதல்வர் கத்லீன் வின் அவர்களை நேரில் கூப்பிட்டுப் பேசினார். அந்த ஆண்டு பெப்ரவரியில் வெளியான புதிய பாடத்திட்டத்தில் சம்மதம் இருந்தது. அன்றைக்கு அந்தப் பிள்ளைகளுக்கு உங்கள் மகளை விட வயது குறைவு.

செல்வராசா

தங்கச்சி சொன்னதில் பாதிக் கதைதான் இருக்கிறது. அதே 2015-இல் ரொறன்ரோவின் தோர்ன்கிளிஃப் பார்க்கில் அந்தப் பாடத்திட்டத்தை எதிர்த்துப் பெரும்பாலான பெற்றோர் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் வீட்டில் வைத்திருந்தார்கள். அவர்களைப் பிற்போக்கு என்று பத்திரிகையில் எழுதினார்கள். எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்பதுதான் அந்தச் சனத்தின் கோபம். எங்களுக்கும் அதே மனம்தான் இருந்தது, வெளியே சொல்லவில்லை. இப்போது மாணவர்களே வகுப்பெடுக்கிறார்கள் என்றால் பெற்றோர் இன்னும் ஒரு படி தள்ளி நிற்க வேண்டும். ஆண் பெண் பழக்கம் பற்றித் தாய் தகப்பன்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

கஜன்

செல்வராசா ஐயா, மரியாதையோடு கேட்கிறேன். எத்தனை வீட்டில் சொல்லிக்கொடுக்கிறார்கள்?

2018 ஜூலையில் டக் ஃபோர்டின் புதிய மாகாண அரசு அந்தப் பாடத்திட்டத்தைத் தூக்கிவிட்டுப் பழையதைக் கொண்டுவந்தபோது நான் பதினோராம் வகுப்பு. செப்டெம்பர் 21 மதியம் மாகாணம் முழுக்கப் பல்லாயிரம் மாணவர்கள் வகுப்பை விட்டு வெளியே வந்தோம். ஒழுங்குசெய்ததும் மாணவர்கள்தான். இதில் பலருக்குத் தெரியாத ஒன்று: அரசு மாற்றியது எட்டாம் வகுப்பு வரைக்குமான பாடத்தை. உயர்நிலைப் பள்ளிக்காரர்களுக்கு எதுவும் மாறவில்லை. தம்பி தங்கச்சிகளுக்காகத்தான் அன்றைக்கு நின்றோம். 2019 ஆகஸ்டில் வந்த திருத்தத்தில் சம்மதம் திரும்பவும் வந்தது. எட்டாம் வகுப்பு வரை, விரும்பாத பெற்றோர் அந்தப் பகுதியிலிருந்து பிள்ளையை விலக்கிக்கொள்ளவும் வழி இருக்கிறது. ஆகவே உங்களைத் தள்ளி நிறுத்திவிட்டார்கள் என்று சொல்ல முடியாது.

அப்புறம், எங்கள் ஆட்களுக்கே உரிய ஒரு விஷயம். எங்கள் வீடுகளில் பெரும்பாலும் பிள்ளை காதலிப்பது வீட்டுக்குத் தெரியாது. என்னோடு படித்த ஒரு தமிழ்ப் பிள்ளையின் காதலன் அவளுடைய போன் பாஸ்வேர்டைக் கேட்டு வாங்கிவைத்திருந்தான். ஆண் நண்பர்களின் பெயர்களை அவனே அழிப்பான். பஸ்ஸில் ஏறியதும் படம் எடுத்து அனுப்ப வேண்டும், யார் பக்கத்தில் இருக்கிறார்கள் என்று தெரிய. பிரிகிறேன் என்று அவள் சொன்னதும் அவன் சொன்னது ஒரே ஒரு வசனம்: "உன்ர அம்மாவுக்கு எல்லாத்தையும் அனுப்பிவிடுவன்." அவள் கடைசி வரை தாயிடம் போகவில்லை. ஆசிரியரிடமும் போகவில்லை, ஆசிரியர் வீட்டுக்கு அழைப்பார் என்ற பயம். எங்களிடம்தான் வந்தாள். எங்களில் ஒருத்தருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. அவனோடு சமாதானமாகப் போ என்று சொன்னவர்களும் இருந்தார்கள்.

அந்தப் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் மற்றவர்களுக்குச் சொல்லப்போவது இதைத்தான். பாஸ்வேர்ட் கேட்பது அன்பு இல்லை. மிரட்டினால் யாரிடம் போகலாம். தோழி ஒருத்தி வந்து சொன்னால் என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது.

ரவி, மார்க்கம்

கஜன் தம்பி, வாசித்ததும் மனம் பாரமாகிவிட்டது. ஆனால் நீங்கள் சொன்னதே என் பயத்துக்கும் காரணம். நிகழ்ச்சி முடிந்ததும் ஒரு 14 வயதுப் பிள்ளை அந்த 17 வயதுப் பிள்ளையிடம் வந்து, எனக்கு இப்படி நடந்தது என்று அழுதால்? ரகசியமாக வைத்திருக்கிறேன் என்று இவள் வாக்குக் கொடுத்துவிட்டால்? அந்தச் சுமையை யார் தூக்குவது? இதற்குப் பதில் சொல்லாமல் மாணவர் முயற்சி நல்லது என்று சொல்ல எனக்கு வரவில்லை.

வதனி ரீச்சர்

ரவி கேட்டதுதான் கேட்க வேண்டிய கேள்வி. நான் உயர்நிலைப் பள்ளியில் படிப்பிக்கிறேன், இப்படியான ஒரு குழுவுக்குப் பொறுப்பாகவும் இருந்திருக்கிறேன்.

குழுவில் சேரும் மாணவர்களுக்கு நாங்கள் முதலில் பழக்குவதே "ஒருத்தருக்கும் சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காமல் இருக்கத்தான். கேட்க வேண்டும், உன்னை நம்புகிறேன் என்று சொல்ல வேண்டும், அன்றைக்கே ஒரு பெரியவரிடம் கூட்டிக்கொண்டு போக வேண்டும். மாணவர்களிடையே பாலியல் தாக்குதல் நடந்ததாகத் தெரியவந்தால் பள்ளி ஊழியர் அதிபருக்கு அறிவிக்க வேண்டும், அது ஒன்ராறியோச் சட்டம். பாதிக்கப்பட்ட பிள்ளையின் பெற்றோருக்கு அதிபர் சொல்ல வேண்டும். ஆனால், சொன்னால் அந்தப் பெற்றோராலேயே பிள்ளைக்கு ஆபத்து என்று தெரிந்தால் சொல்லக்கூடாது என்றும் அதே சட்டத்தில் இருக்கிறது. கஜனின் தோழிக்கு இதை யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் அவள் வந்திருக்கக்கூடும். பெரியவர் எவரிடமும் வரத் தயங்கும் பிள்ளைக்குக் கிட்ஸ் ஹெல்ப் ஃபோன் என்ற, பிள்ளைகளுக்கான தொலைபேசி உதவிச் சேவை 24 மணி நேரமும் இருக்கிறது.

இவ்வளவும் ஒழுங்காகப் பழக்காமல் நடத்தும் குழு ஆபத்தானது, அதில் நான் ரவியின் பக்கம். ஒரு போஸ்டர் ஒட்டி, பிட்சா கொடுத்து முடிக்கிற குழுக்களையும் பார்த்திருக்கிறேன்.

செல்வராசா

ரீச்சர், ஒரு கேள்வி. இந்த நிகழ்ச்சிகளில் பெடியன்கள் எல்லாரும் குற்றவாளிகள் மாதிரித்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். என் பேரன் ஒரு தரம் போய்விட்டு வந்து, இனிப் போகமாட்டேன் என்றான்.

சுகந்தி

ஐயா, எனக்கு இருப்பது மகன் மட்டும்தான். நான் அவனைப் போகச் சொல்வதே அவனுக்காகத்தான். மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ள முடியாது என்று கனடா உச்ச நீதிமன்றம் 1999-இலேயே தீர்ப்பளித்துவிட்டது. சம்மத வயது 16. 14, 15 வயதுப் பிள்ளை என்றால் மற்றவர் 5 வருடத்துக்குக் குறைவாகத்தான் மூத்தவராக இருக்கலாம். 12 வயதிலிருந்தே பிள்ளை மேல் குற்ற வழக்குப் போடலாம். ஒருத்தியின் அந்தரங்கப் படத்தை நண்பர்கள் குழுவில் பகிடிக்குத் தட்டிவிட்ட பெடியன் பொலிஸ் வந்த பிறகா இதையெல்லாம் அறிய வேண்டும்? பெடியன்களுக்கும் கேவலம் நடக்கிறது, அவர்கள் வாயே திறப்பதில்லை. உங்கள் பேரனுக்கு அந்த அறையில் அப்படித் தோன்றியிருந்தால் அதை நடத்தினவர்களிடம் சொல்லத்தான் வேண்டும். பேசுகிறவர்களில் பெடியன்களும் இருந்தால் மாறும் என்று நினைக்கிறேன்.

செல்வராசா

சட்டம் தெரிந்திருக்க வேண்டும் என்பது சரி. அதை ஆசிரியர் சொல்லட்டும் என்றுதான் இப்போதும் சொல்கிறேன். பேரனிடம் என்ன நடந்தது என்று விரிவாகக் கேட்கிறேன்.

கஜன்

ஆசிரியரும் சொல்லட்டும் ஐயா, ஒன்று இருந்தால் மற்றது வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஸ்னாப்சாட்டில் இருப்பிடத்தை அணைத்துவைத்தால் காதலன் சண்டை பிடிக்கிறான் என்ற பிரச்சினையை 50 வயது ஆசிரியருக்கு விளங்கப்படுத்தவே பாதி வகுப்பு போய்விடும்.

ரவி, மார்க்கம்

பொறுப்பாசிரியருக்கு இப்போதுதான் மின்னஞ்சல் அனுப்பினேன். மூன்று விஷயம் கேட்டிருக்கிறேன்: குழுப் பிள்ளைகளுக்கு யார் பயிற்சி கொடுத்தார்கள், ஒரு பிள்ளை வந்து முறையிட்டால் எந்தப் பெரியவரிடம் போகும், காட்டப்போகும் ஸ்லைடுகளைப் பெற்றோர் பார்க்கலாமா. பதில் திருப்தியாக இருந்தால் மகள் போகட்டும், இல்லாவிட்டால் போகவேண்டாம் என்பேன். சட்டப் பகுதியை ஆசிரியரே எடுக்க வேண்டும் என்பதில் நான் மாறவில்லை. வதனி ரீச்சர், வேறு ஏதாவது கேட்டிருக்க வேண்டுமா?

வதனி ரீச்சர்

பெற்றோருக்கும் ஒரு மாலை இதையே நடத்துவார்களா என்று கேளுங்கள், தமிழில் விளக்க ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன். மகளிடமும் ஒரு வார்த்தை கேட்டீர்களா, போக விருப்பமா என்று?

ரவி, மார்க்கம்

இன்னும் இல்லை. இரவு கேட்கிறேன்.