பொருள்: காப்பிரைட் சட்டத்தின் 57-ஆம் பிரிவுக்கு ஒரு சொல் (வெள்ளிக்கிழமை அச்சு)

நாகர்கோவில், மொழிபெயர்ப்பாளர்

வில்லுப்பாட்டுக் கலைஞர்களுக்கும் மயிலாடிச் சிற்பிகளுக்குமான மாதிரி ஒப்பந்தம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. காப்பிரைட்டுக்குப் ‘படைப்புரிமை’ என்று போட்டாயிற்று. ‘பதிப்புரிமை’ கல்லுக்குப் பொருந்தாது. ‘காப்புரிமை’ என்றால் பாதிப் பேர் பேட்டண்ட் என்று நினைப்பார்கள். அதை இனி யாரும் கிளறவேண்டாம். நான்காம் பத்தியில் ‘மாரல் ரைட்ஸ்’ வருகிற இடம்தான் காலி. ‘தார்மீக உரிமை’ என்று நாளிதழ்கள் எழுதுகின்றன. படிப்பவருக்கு அது சட்டத்தில் இல்லாத, நியாயத்துக்கு மட்டும் கட்டுப்பட்ட ஒன்று போலத் தோன்றும். தார்மீக ஆதரவு மாதிரி, காசு பெறாது.

குழித்துறை, வழக்கறிஞர்

முதலில் பொருளைப் பார்த்துக்கொள்வோம். 1957-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 57-ஆம் பிரிவில் இரண்டு உரிமைகள். இது என் படைப்பு என்று சொல்லிக்கொள்வது ஒன்று. தன் மானத்துக்கோ பெயருக்கோ பங்கம் வரும்படி அதைச் சிதைத்தால், வெட்டினால், திருத்தினால் தடுப்பதும் நட்டஈடு கேட்பதும் மற்றொன்று. படைப்புரிமையை எழுதிக் கொடுத்த பிறகும் இரண்டும் படைத்தவரிடமே நிற்கும். விஞ்ஞான் பவனின் வெண்கலச் சுவர்ச்சிற்பத்தை அரசு பெயர்த்தெடுத்துச் சேதப்படுத்தியபோது, 2005-இல் தில்லி உயர்நீதிமன்றம் சிற்பி அமர்நாத் சேகலுக்கு 5 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. எஞ்சிய சிற்பத்தையும் திருப்பிக் கொடுக்க வைத்தது. சொல் எதுவானாலும் இந்த ‘நிற்கும்’ அதில் இருக்கவேண்டும்.

உங்கள் இரண்டாம் பத்தி இதைவிட மோசம். ‘எல்லா உரிமைகளும் ஒப்படைக்கப்படுகின்றன’ என்று இருக்கிறது. ஆண்டும் இல்லை, இடமும் இல்லை. காலம் குறிக்காவிட்டால் 5 ஆண்டு, எல்லை குறிக்காவிட்டால் இந்தியா என்று 19-ஆம் பிரிவு எடுத்துக்கொள்ளும். வாங்கியவர் ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தம் வேறுவிதமாகச் சொல்லாதவரை, அந்த உரிமை காலாவதி. எந்தப் படைப்பு, எந்தெந்த உரிமை, எத்தனை ஆண்டு, எங்கே, எவ்வளவு தொகை: ஐந்துக்கும் தனித்தனிக் கட்டம் போடுங்கள். கொடுப்பவர் கையெழுத்து இல்லாத வாய்ப்பேச்சு செல்லாது.

தோவாளை, தமிழாசிரியர்

புதுச்சொல் எதற்கு? பாயிரம், அதாவது நூல் முகவுரை, எப்படி இருக்கவேண்டும் என்கிற இலக்கணம் ‘ஆக்கியோன் பெயரே’ என்றுதான் தொடங்குகிறது. தொல்காப்பியச் சிறப்புப் பாயிரத்தில் பனம்பாரனார் ‘தொல்காப்பியன் எனத் தன்பெயர் தோற்றி’ என்கிறார். தோன்றி அல்ல, தோற்றி, பிறவினை. பெயர் தானாக வந்து ஒட்டவில்லை, ஆசிரியன் நாட்டினான். வழக்கறிஞர் சொன்ன முதல் பாதி அதுவே. ‘அரில்தபத் தெரிந்து’, அதாவது அரில் நீங்க ஆராய்ந்து, என்பதில் இரண்டாம் பாதியும் கிடைக்கிறது. அரில் என்பது முதலில் பின்னிக் கிடக்கும் தூறு, பிறகு பிணக்கு, பிறகு குற்றம். இடைச்செருகல் என்பதும் ஓர் அரில்தானே! ஆகவே ‘ஆக்கியோன் உரிமை’. தொல்காப்பியம் அரங்கேறியபோது கேட்டவர் அதங்கோட்டு ஆசான். அந்த அதங்கோடு நம் விளவங்கோடு வட்டத்து அதங்கோடு என்பதையும் குறித்துக்கொள்க.

மார்த்தாண்டம், கணினித் தமிழ்

அதங்கோட்டைச் சந்தடிச் சாக்கில் நுழைக்கிறீர்களே சாரே. ‘அறவுரிமை’ போதாதா? நாலசைக்குள் முடியும்.

தோவாளை, தமிழாசிரியர்

அறவுரிமை என்றால் தருமத்துக்கு எழுதி வைத்ததோ என்பார்கள். ‘அற’ என்பதற்கு ‘அறவே’ என்றும் பொருள் உண்டு. உரிமை அறவே போயிற்று என்று படிக்கவும் வழி. தவிர, பிரெஞ்சுக்காரர் ‘மொரால்’ என்றது ஒழுக்கத்தை அல்ல. பணத்தைச் சேராதது, ஆளைச் சேர்ந்தது என்கிற பொருளில்.

மயிலாடி, சிற்பக்கூடம்

ஆக்கியோன் யாரு அண்ணாச்சி? வரைவு ஒருத்தர், பருவெட்டு ஒருத்தர், முகம் திறக்கிறது ஒருத்தர். சிலைக்கு முழுப்பணம் குடுத்தவரு தான்தான் உடமைன்னு பீடத்தில பேரு வெட்டச் சொல்லுதாரு.

குழித்துறை, வழக்கறிஞர்

சிலை அவருக்கு, படைப்புரிமை அவருக்கு அல்ல. பணம் கொடுத்துச் செய்யச் சொன்னவருக்கே முதல் உரிமை என்று 17-ஆம் பிரிவு சொல்வது நிழற்படம், ஓவியம், உருவப்படம், செதுக்கச்சு (என்கிரேவிங்), திரைப்படம் ஆகியவற்றுக்கு. அந்தப் பட்டியலில் சிற்பம் இல்லை. ஆனால் கூடத்தில் வேலைக்காரராக இருந்து செய்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை உரிமை முதலாளிக்கு. அப்போதும் 57 செய்தவரோடுதான். பொதுவிடத்தில் நிலையாக நிறுத்திய சிலையை யாரும் படமெடுக்கலாம். அதற்குச் சண்டைக்குப் போகவேண்டாம்.

வில்லுக்கு இன்னொன்று. பாட்டை எழுதியவருக்கு 57. பாடுகிற புலவருக்கும் குடம் அடிப்பவருக்கும் 2012-இல் சேர்த்த 38பி பிரிவு. பெயர் சொல்லாமல் யூடியூபில் ஏற்றினால் கேட்கலாம். ஆனால் நேரத்துக்குள் அடக்கச் சில பகுதிகளை வெட்டியது மட்டும் பங்கம் ஆகாது. எனவே ‘ஆக்கியோன்’ என்றால் பாடுகிறவர் வெளியே நிற்பார்.

நாகர்கோவில், மொழிபெயர்ப்பாளர்

அப்படியானால் ‘நீங்காவுரிமை’? விற்றாலும் நீங்காது. ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்; இலக்கணப் பிழை இல்லை. ஆக்கியோனில் இன்னொரு தடை: ஆண்பால்.

தோவாளை, தமிழாசிரியர்

‘ஆக்கியோர்’ என்க. பலர்பாலில் மூவரும் அடங்குவர், பாடுகிறவரும் அடங்குவார். நீங்காவுரிமை என்பது அடிப்படை உரிமைக்கும் பொருந்தும், வாரிசுரிமைக்கும் பொருந்தும். எதன் உரிமை, யாருடையது என்று சொல்லாத சொல் கலைச்சொல் அன்று, அடைமொழி.

குழித்துறை, வழக்கறிஞர்

குறை நியாயம். இருந்தாலும் நீங்காவுரிமைக்கே என் வாக்கு. தேரூர்க் கவிமணி மறைந்தது 1954. மறைந்த மறு ஆண்டிலிருந்து 60 ஆண்டு எண்ணினால் 2014 முடிவோடு படைப்புரிமை தீர்ந்தது. இன்று யாரும் அச்சிடலாம். ஆனால் 2012 திருத்தம் 57-இல் இருந்த கால வரம்பை எடுத்துவிட்டது. சட்டப்படியான வாரிசு இன்றும் சிதைவைத் தட்டிக் கேட்கலாம்.

மார்த்தாண்டம், கணினித் தமிழ்

எனக்கும் சரி. படைப்புரிமையை ஒருமுறை மறுபடி பார்க்கலாமா? மலையாளத்தில் ‘பகர்ப்பவகாசம்’ என்பார்கள், பகர்ப்பு நமக்கும் பழக்கமான சொல்...

நாகர்கோவில், மொழிபெயர்ப்பாளர்

பார்க்கமுடியாது. நான்காம் பத்தி இப்படிப் போகிறது: “படைப்புரிமையை ஒப்படைத்த பின்னும், தம் பெயர் சொல்லப்படவும் படைப்பு சிதைக்கப்படாதிருக்கவும் படைப்பாளிக்கும் நிகழ்த்துநருக்கும் உள்ள நீங்கா உரிமை தொடரும்.” மயிலாடி, பெயர் வெட்ட பீடத்தின் பின்பக்கம் என்று தனி வரி சேர்த்திருக்கிறேன், சரிதானா என்று சொல்லுங்கள்.

தோவாளை, தமிழாசிரியர்

உடம்படுமெய்யை விட்டுப் பிரித்து அச்சிட்டால் அது கலைச்சொல்லே இல்லை என்று நீங்களே ஒப்புக்கொண்டதாகும். என் மறுப்பைப் பதிவு செய்க. ஆக்கியோர் உரிமை.

மயிலாடி, சிற்பக்கூடம்

பின்பக்கம் சுவரோட ஒட்டிரும். வலது ஓரம்னு போடுங்க.