முள்சீத்தா இலை "லேப்பில் புற்றுநோய் செல்லைக் கொன்றது" என்கிறார்கள், அம்மாவுக்குக் கொடுக்கலாமா?

திருச்சி_மகள்:

அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். ஆபரேஷன் முடிந்து கீமோ போய்க்கொண்டிருக்கிறது. ஏசி என்று சொல்கிறார்களே, அந்தச் சிவப்பு மருந்து அட்ரியாமைசினும் கூடவே சைக்ளோபாஸ்பமைடும். முடியெல்லாம் போய்விட்டது, வாந்தி, சோர்வு, ஆனாலும் தாங்கிக்கொள்கிறார். போன வாரம் பெரிய மாமா ஊரிலிருந்து ஒரு பை நிறைய முள்சீத்தா இலை கொண்டுவந்து வைத்துவிட்டு, தினமும் வெறும் வயிற்றில் கஷாயம் போட்டுக் கொடு, கீமோவை விட 10,000 மடங்கு வீரியம், அமெரிக்காவிலேயே லேப்பில் நிரூபித்தாயிற்று, மருந்துக் கம்பெனிகள்தான் மூடி மறைக்கின்றன என்கிறார்.

வழக்கமான வாட்ஸ்அப் கதை என்று தள்ளிவிடலாம் என்றுதான் நினைத்தேன். தேடினால் நிஜமாகவே ஆராய்ச்சிக் கட்டுரைகள் வருகின்றன, அதில் நம்மூர்க் கல்லூரிகளில் செய்ததும் இருக்கிறது. எம்சிஎஃப்-7 என்கிற மார்பகப் புற்றுநோய் செல்லில் இலைச்சாறு இவ்வளவு சதவீதம் கொன்றது, ஐசி50 இவ்வளவு என்று போட்டிருக்கிறார்கள். நான் பி.காம், பாதி புரியவில்லை. இது உண்மையா? உண்மை என்றால் டாக்டர்கள் ஏன் தருவதில்லை? மாமாவை எடுத்தெறிந்து பேச முடியாது, அப்பா போன பிறகு எங்களைக் கரையேற்றியவர் அவர்தான்.

ராத்திரி_டூட்டி:

டாக்டரைக் கேட்காமல் ஒரு சொட்டு கொடுக்காதீர்கள். மீதியை லேப் ஆட்கள் வந்து சொல்வார்கள்.

தட்டு96:

செல் வளர்க்கிற லேப்பில்தான் என் பிழைப்பு, அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த 10,000 மடங்கு முழுக் கட்டுக்கதை இல்லை. அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் 1990களில் சீத்தா குடும்பச் செடிகளிலிருந்து அசிட்டோஜெனின் என்ற வகைப் பொருட்களைப் பிரித்தெடுத்துக்கொண்டிருந்தார்கள். 1996இல் வந்த ஒரு கட்டுரையில், முள்சீத்தா விதையிலிருந்து எடுத்த ஒரு பொருள் ஹெச்டி-29 என்ற பெருங்குடல் புற்றுநோய் செல்லில் அட்ரியாமைசினை விட 10,000 மடங்கு வீரியம் காட்டியது என்று இருக்கிறது. எடுத்தது விதையிலிருந்து, உங்கள் மாமா கொண்டுவந்தது இலை. அது பிரித்துச் சுத்தம் செய்த ஒற்றைப் பொருள், இது கஷாயம். சோதித்தது பெருங்குடல் செல்லில், தட்டில். ரொம்பக் குறைந்த அளவிலேயே அந்தச் செல்லை ஒடுக்கியது என்பதற்கு மேல் அந்த எண் எதுவும் சொல்லவில்லை, கடும் விஷம் எதுவானாலும் இந்தக் கணக்கில் ஜெயித்துவிடும்.

இப்போது நீங்கள் படித்த எம்சிஎஃப்-7 கட்டுரைகள். 96 குழி உள்ள பிளாஸ்டிக் தட்டு, குழிக்குச் சில ஆயிரம் செல், 37 டிகிரி சூடு, சாப்பாட்டுக்குக் கன்றுக்குட்டிச் சீரம் கலந்த மீடியம். சாற்றை வெவ்வேறு அளவில் ஊற்றி ஒரு நாளோ இரண்டு நாளோ விடுவோம். அப்புறம் எம்டிடி என்ற மஞ்சள் கரைசல். உயிரோடு இருக்கிற செல் அதை ஊதாப் படிகமாக மாற்றும், படிகத்தைக் கரைத்து 570 நானோமீட்டரில் நிறத்தை அளப்போம். நிறம் பாதியாகக் குறைகிற அளவுதான் ஐசி50. 1983இல் மோஸ்மன் என்பவர் வெளியிட்ட முறை இது. மலிவு, ஒரு எம்.எஸ்சி ப்ராஜெக்டுக்குள் முடிந்துவிடும், இவ்வளவு கட்டுரை வருவதற்கு அதுவும் ஒரு காரணம் (நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன், குறை சொல்லவில்லை).

ஆனால் அந்த ஊதா நிறம் செத்த செல்லை எண்ணுவதில்லை. செல்லுக்குள் வளர்சிதை மாற்றம் எவ்வளவு ஓடுகிறது என்பதைத்தான் காட்டுகிறது. முள்சீத்தாவில் உள்ள அனோனாசின் என்ற அசிட்டோஜெனின், செல்லுக்குச் சக்தி தயாரிக்கிற மைட்டோகாண்ட்ரியாவில் காம்ப்ளக்ஸ் 1 என்கிற கண்ணியை அடைக்கும், அடைத்தால் செல் சாகாமலேயே நிறம் இறங்கலாம். சில இலைச்சாறுகள் நேர்மாறாக, செல்லே போடாத குழியில்கூட எம்டிடியை ஊதாவாக்கிவிடும். அதனால் நல்ல லேப்பில் இதோடு நிற்க மாட்டார்கள். சாகிற செல்லில் ஒட்டிக்கொள்கிற அனெக்ஸின்-வி என்ற புரதத்தைப் போட்டு, செல்லை ஒவ்வொன்றாகப் பார்க்கிற ஃப்ளோ சைட்டோமீட்டரில் ஓட்டி, செல் சாகிறதா, எந்த விதமாகச் சாகிறது என்று பார்ப்பார்கள். முக்கியமாக, புற்றுநோய் இல்லாத மனிதச் செல்லையும் பக்கத்தில் வைத்து அதே அளவைக் கொடுப்பார்கள். இரண்டும் ஒரே அளவில் விழுந்தால் அந்தச் சாற்றால் யாருக்கு என்ன பயன்? நீங்கள் பார்த்த கட்டுரைகளில் இது இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

அளவுக் கணக்கு இன்னும் மோசம். ஐசி50 ஒரு மில்லிக்கு 100 மைக்ரோகிராம் என்று வைத்துக்கொள்வோம், இலைச்சாறுகளுக்கு இப்படி எண்கள் சகஜம். அம்மாவுக்கு ஐந்து லிட்டர் ரத்தம் என்றால், 500 மில்லிகிராம் சாறு அப்படியே ரத்தத்தில் மட்டும் இருக்க வேண்டும், அதுவும் தட்டில் விட்டது போல ஒன்றிரண்டு நாள் குறையாமல். குடித்ததெல்லாம் குடலைத் தாண்டாது, தாண்டியதைக் கல்லீரல் பிடித்து மாற்றும், மிச்சம் உடம்பெங்கும் பரவும். தட்டில் கல்லீரல் ஏது?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். காம்ப்ளக்ஸ் 1 நரம்பு செல்லிலும் இருக்கிறது. கரீபியன் தீவான குவாதலூப்பில் பார்க்கின்சன் மாதிரியான, ஆனால் அதற்கான வழக்கமான மருந்துக்குச் சரியாகக் கட்டுப்படாத நோய் அதிகமாக இருப்பதையும், அந்த நோயாளிகள் முள்சீத்தாப் பழமும் கஷாயமும் எடுத்து வந்ததையும் 1999இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். காரணம் அதுதான் என்று முடிவாக நிரூபிக்கப்படவில்லை. ஆனால் அனோனாசினை எலியின் ரத்தத்தில் தொடர்ந்து செலுத்தியபோது மூளையில் நரம்பு செல்கள் அழிந்தன.

மூலிகைத்தோட்டம்:

இப்படியே எல்லாவற்றையும் தட்டு, எலி என்று தள்ளிக்கொண்டே போனால் எப்படி நண்பரே? நித்தியகல்யாணி நம் வீட்டு வாசலில் பூக்கிற செடி. அதிலிருந்துதான் வின்கிரிஸ்டின் வந்தது, உலகம் பூராவும் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு அதைத்தான் போடுகிறார்கள். அன்றைக்கும் உங்களைப் போல யாராவது "வெறும் இலைதானே" என்று சொல்லியிருந்தால்?

தட்டு96:

நல்ல உதாரணம் ஐயா, அதையே பார்ப்போம். 1950களில் கனடாவில் ராபர்ட் நோபிள் என்பவருக்கு ஜமைக்காவிலிருந்து நித்தியகல்யாணி இலை வந்து சேர்ந்தது, அங்கே சர்க்கரை நோய்க்கு அதைக் கஷாயம் வைத்துக் குடிப்பார்கள். எலிக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், சர்க்கரை குறையவே இல்லை. ஆனால் சாற்றை ஊசியில் போட்ட எலிகள் கிருமித் தொற்று வந்து செத்தன, பார்த்தால் வெள்ளையணு சரிந்திருந்தது. சர்க்கரைக்கு ஆகவில்லை என்று தூக்கிப் போடாமல், வெள்ளையணுவை இப்படி அழிக்கிற பொருள் எது என்று தேடினார்கள், அதுதான் என்னை இன்றைக்கும் ஆச்சரியப்படுத்துகிற இடம். சார்ல்ஸ் பீர் என்பவர் அவரோடு சேர்ந்து, வின்கிரிஸ்டினுக்கு நெருங்கிய உறவான வின்பிளாஸ்டினைப் பிரித்தெடுத்தார், 1958இல் வெளியிட்டார்கள். எலை லில்லி கம்பெனியும் அதே செடியில் தனியாக வேலை செய்துகொண்டிருந்தது. அமெரிக்காவில் 1961இல் வின்பிளாஸ்டினுக்கும் 1963இல் வின்கிரிஸ்டினுக்கும் ஒப்புதல் கிடைத்தது.

இந்த வகை மருந்து செல்லில் என்ன செய்கிறது என்பதும் தெரியும். செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களை இரண்டு பக்கமும் இழுக்க நுண்குழாய்கள் வேண்டும், அவற்றைக் கட்டுகிற ட்யூபுலின் புரதத்தை இது பிடித்துக்கொள்ளும், செல் பாதிப் பிரிவிலேயே நின்று செத்துப்போகும். நரம்புக்கும் அதே நுண்குழாய் தேவை, அதனால்தான் வின்கிரிஸ்டின் போட்டவர்களுக்குக் கை கால் மரத்துப்போகிறது, மலச்சிக்கல் வருகிறது. பெரியவர்களுக்கே பொதுவாக ஒரு தடவைக்கு 2 மில்லிகிராமைத் தாண்ட மாட்டார்கள். ஒரு கிராம் எடுக்க நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை வேண்டும், செடிக்குச் செடி அளவும் மாறும். யோசித்துப் பாருங்கள், இதைக் கஷாயமாகக் குடித்தால் யாருக்கு எவ்வளவு போயிற்று என்று எப்படித் தெரியும்? அப்புறம் அந்த "மூடி மறைக்கிறார்கள்" கதை. லில்லி அந்த இலையை மறைக்கவில்லை, மருந்தாக்கிக் காசு பார்த்தது.

பார்மசி_அக்கா:

தட்டில் வேலை செய்தது மனிதரில் ஏன் செய்யாது என்பதற்கு நாம் எல்லோரும் கண்ணால் பார்த்த ஒன்று இருக்கிறதே, ஹைட்ராக்சிகுளோரோகுயின். 2020இல் என் கடைக்கு ஆட்கள் படையெடுத்ததில், வழக்கமாக அந்த மாத்திரையை நம்பி இருக்கிற மூட்டுவாதக்காரர்களுக்குக் கொடுக்கக் கையில் ஒரு அட்டை இல்லை. எல்லாம் ஆரம்பித்தது லேப்பில் குளோரோகுயின் கொரோனா வைரஸைத் தடுத்தது என்ற செய்தியில்தான். செய்தி பொய்யும் இல்லை, ஆனால் அந்தச் செல் வீரோ, அதாவது ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரகச் செல். அதில் வைரஸ் ஒரு அமிலப் பை வழியாகத்தான் பெரும்பாலும் உள்ளே போகும், குளோரோகுயின் அந்த அமிலத்தைக் குறைத்து வழியை அடைத்துவிடும். மனித நுரையீரல் செல்லில் டிஎம்பிஆர்எஸ்எஸ்2 என்று ஒரு நொதி இருக்கிறது, அது வைரஸுக்குச் செல்லின் வெளிப்பக்கமே கதவைத் திறந்துவிடுகிறது, அமிலப் பை தேவையே இல்லை. அந்த ஜூலையில் ஜெர்மன் குழு ஒன்று காலு-3 என்ற நுரையீரல் செல்லில் போட்டுப் பார்த்தது, மருந்து எடுபடவில்லை.

அதற்குள் ஜூனிலேயே பிரிட்டனின் ரெகவரி ஆய்வு முடிவு சொல்லிவிட்டது. இறுதிக் கணக்கில், மாத்திரை கொடுத்த 1,561 பேரில் 28 நாளுக்குள் இறந்தவர்கள் 27 சதவீதம், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 25 சதவீதம். பயன் இல்லை. ஒரே மருந்து, ஒரே வைரஸ், செல் மாறினால் பதில் மாறுகிறது.

திருச்சி_மகளுக்கு நேரடியாக ஒன்று. 2002இல் அமெரிக்காவின் வட கரோலினாவில் நம் மஞ்சளில் உள்ள குர்குமினை வைத்து ஒரு ஆய்வு நடந்தது. மார்பகப் புற்றுநோய் செல்களுக்கு, உங்கள் எம்சிஎஃப்-7 உட்பட, அதைக் கொடுத்துவிட்டு அட்ரியாமைசின் போட்டார்கள். செல்கள் அதிகமாகச் சாகவில்லை, குறைவாகத்தான் செத்தன. எலிக்குத் தீவனத்தில் குர்குமின் கலந்து கொடுத்தபோது சைக்ளோபாஸ்பமைடுக்குக் கட்டி சுருங்குவது குறைந்தது. அம்மாவுக்குப் போகிற அதே இரண்டு மருந்து. குழம்பில் போடுகிற மஞ்சளுக்கு யாரும் பயப்பட வேண்டாம், கேப்சூல் கணக்கில் விழுங்குவதைத்தான் சொல்கிறேன்.

மூலிகைத்தோட்டம்:

அக்கா, இது நியாயமா? முள்சீத்தா நல்லது செய்தால் "அது தட்டில்தானே" என்கிறீர்கள், மஞ்சள் கெடுதல் செய்தால் மட்டும் தட்டும் எலியும் செல்லுமா?

பார்மசி_அக்கா:

நியாயமான கேள்வி தம்பி. மனிதரிலும் அப்படியே நடக்கும் என்று நான் சொல்லவில்லை, நடக்காமலும் போகலாம். ஆனால் ஏற்கெனவே மனிதரில் சோதித்து உயிர் காக்கும் என்று தெரிந்த ஒரு சிகிச்சை ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்குக் குறுக்கே வரலாம் என்று சந்தேகம் வந்தாலே இந்தச் சில மாதம் நிறுத்திவைக்கலாம், நிறுத்தினால் நஷ்டம் ஒன்றும் இல்லை. புதிதாக ஒன்றைக் கொடுப்பதற்கு அந்த அளவு சந்தேகமோ நம்பிக்கையோ போதாது.

மூலிகைத்தோட்டம்:

சரி, கீமோ நேரத்தில் வேண்டாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். மூலிகை ஆராய்ச்சியே வீண் என்று மட்டும் யாரும் எழுதாதீர்கள்.

திருச்சி_மகள்:

எல்லோருக்கும் நன்றி. விதை, பெருங்குடல் செல் என்ற விஷயத்தை மாமாவிடம் நிதானமாகச் சொன்னேன், கேட்டுக்கொண்டார், "அப்போ இலையை யாராவது டெஸ்ட் பண்ணட்டுமே" என்கிறார். இன்னொரு கேள்வி. எங்கோ வாங்கின எம்சிஎஃப்-7 எதற்கு, அம்மாவின் செல்லையே எடுத்துத் தட்டில் வைத்து எந்த மருந்து வேலை செய்யும் என்று பார்த்துவிட முடியாதா?

தட்டு96:

உங்கள் கேள்வியைத்தான் பல லேப்கள் இப்போது கேட்டுக்கொண்டிருக்கின்றன. எம்சிஎஃப்-7 என்பது 1970இல் அமெரிக்காவின் மிச்சிகனில் ஒரு நோயாளியின் நெஞ்சில் சேர்ந்த நீரிலிருந்து எடுத்தது. இத்தனை வருடம் பிளாஸ்டிக்கில் வளர்ந்து லேப்புக்கு லேப் குணம் மாறியிருக்கிறது, அதை உங்கள் அம்மாவின் கட்டி என்று சொல்லவே முடியாது. அதனால் நோயாளியின் கட்டியிலிருந்தே துளி எடுத்து, ஜெல்லில் முப்பரிமாணமாக வளர்க்கிறார்கள், ஆர்கனாய்டு என்று பெயர். 2018இல் லண்டனிலிருந்து சயன்ஸ் இதழில் வந்த ஆய்வில், பரவிய குடல், இரைப்பைப் புற்றுநோய்களில் எந்த மருந்து எடுபடாது என்பதை ஆர்கனாய்டு நன்றாகவே முன்கூட்டிச் சொன்னது. ஆனால் வளர வாரக்கணக்கில் ஆகும், எல்லாக் கட்டியும் வளராது, சுற்றியிருக்கிற ரத்தக் குழாயும் நோய் எதிர்ப்பு செல்களும் அதில் இல்லை. அம்மாவுக்கு இப்போது நடப்பது கட்டியை எடுத்த பிறகு, எங்காவது தப்பியிருக்கிற செல்லுக்காகப் போடும் கீமோ, அதற்கு இந்தச் சோதனையை இன்னும் வழக்கமாகச் செய்வதில்லை.

ஒரு விதத்தில் அம்மாவின் செல்லை ஏற்கெனவே கேட்டாயிற்று. பயாப்சி ரிப்போர்ட்டில் ஈஆர், பிஆர் (இரண்டும் ஹார்மோன் ஏற்பிகள்), ஹெர்2 (ஒரு புரதம்) என்று மூன்று இருக்கும் பாருங்கள். ஹார்மோன் மாத்திரைக்கு அந்தச் செல் பணியுமா, ஹெர்2வைக் குறிவைக்கிற ட்ராஸ்டுசுமாப் மருந்து வேலை செய்யுமா என்பதையெல்லாம் அதை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். அடுத்த முறை போகும்போது அந்த மூன்றையும் டாக்டரிடம் விளக்கச் சொல்லுங்கள், முடிந்தால் மாமாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

பார்மசி_அக்கா:

கஷாயம் ஏற்கெனவே ஒன்றிரண்டு நாள் கொடுத்திருந்தால் டாக்டரிடம் மறைக்காதீர்கள், திட்டினாலும் பரவாயில்லை. அடுத்த ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் நிலையைக் காட்டுகிற பிலிருபினோ எஸ்ஜிபிடியோ ஏறியிருந்தால், காரணம் தெரியாமல் அவர் கீமோ மேல் சந்தேகப்பட்டு அட்ரியாமைசின் டோஸைக் குறைக்கவோ தள்ளிப்போடவோ வேண்டி வரும்.